வியாழக்கிழமை அட்டை

டேட்டன், ஒஹையோ
24 அக்டோபர் 1966

அன்புள்ள மிசஸ் ஹல்ட்கிரென்,

இங்கு வந்து இரண்டு மாதமாகிறது. பல்கலைக்கழகம் எனக்கு ஜன்னல் இல்லாத ஓர் அறையையும், பாடம் முழுக்க ஜன்னலையே பார்க்கும் முப்பது மாணவர்களையும் கொடுத்திருக்கிறது. நம் வார்டில் கவனிப்பவர்கள் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நல்ல செய்தி. ஏப்ரலில் சிகாகோவில் எங்கள் உளவியல் துறைக் கூட்டம். அதில் ஓப்பலைப் பற்றிப் பேச இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். எழுதி வைத்திருக்கும் தொடக்கம் இது. பிழை இருந்தால் திருத்துங்கள்:

“நோயாளி ஒரு பெண், வயது 54, மனநல மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகள். வயிறு வலிக்கிறது என்று நாளொன்றுக்குச் சராசரியாக நாற்பத்து மூன்று தடவை சொல்வார். உடம்பில் கோளாறு இல்லை என்று ஆறு பரிசோதனைகள் காட்டின. அவர் வலியைச் சொன்ன ஒவ்வொரு முறையும் பணியாளர்கள் ஓடி வந்து கவனித்தார்கள். அந்தக் கவனிப்பே அந்தப் பேச்சை வளர்த்தது. பலன் கிடைக்காத நடத்தை அணைந்துபோகும் என்பதால், ஜனவரி முதல், அவர் வலியைச் சொன்னால் பணியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிடுவார். வேறு எதைப் பேசினாலும் பக்கத்தில் உட்கார்ந்து காபி கொடுத்துக் கேட்பார். ஒன்பது வாரத்தில் நாற்பத்து மூன்று இரண்டாக இறங்கியது.”

‘பணியாளர்’ என்று எழுதியிருப்பது உங்களைத்தான். பெயர் போடும் வழக்கம் இல்லை. ஆனால் உங்களைப் போல நாள் தவறாமல் அட்டையில் கோடு போட்டு எண்ணியவர் எவரும் இல்லை.

நான் கிளம்பிய பிறகு நிரப்பிய அட்டைகளை அனுப்பிவையுங்கள். நவம்பர் மாத நன்றி நாள் விருந்துக்கு ஓப்பல் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்ததே, ஏற்பாடாகிவிட்டதா? நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
லீலண்ட் ஃப்ரோம்

*

அயோவா
2 நவம்பர் 1966

டாக்டர் ஃப்ரோம் அவர்களுக்கு,

அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அக்டோபர் 12, புதன்கிழமை வரை இருக்கிறது.

ஓப்பல் அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை காலையில் இறந்துவிட்டாள். உங்களுக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஒரு நாள் பேப்பரை எடுத்து வைத்துத் தேதி போட்டேன். அப்புறம் உருளைக்கிழங்கு தோல் சீவ எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறம் உட்காரவே இல்லை.

தங்கை ஆர்லீன் டுபியூக்கிலிருந்து வந்து உடலை எடுத்துப் போனார். ஓப்பலின் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நீங்கள் எழுதியிருப்பதில் ஒரே ஒரு திருத்தம். அவள் வயிறு வலிக்கிறது என்று சொன்னதே இல்லை. “உள்ள என்னமோ கடிக்குது” என்றுதான் சொல்வாள். ஒன்பது மாதம் எண்ணியிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

பெர்னிஸ் ஹல்ட்கிரென்

*

டேட்டன்
9 நவம்பர் 1966

அன்புள்ள மிசஸ் ஹல்ட்கிரென்,

உங்கள் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் பிரித்தேன். வகுப்பை எடுத்து முடித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

மிகவும் வருந்துகிறேன். ஓப்பல் குணமாகி வீடு திரும்பும் முதல் நோயாளியாக இருப்பார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. வார்டு மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். இதயமாக இருக்கலாம், அந்த வயதில் நடப்பதுதான்.

அட்டைகளைப் பார்த்தேன். செப்டம்பர் முழுக்க இரண்டு, ஒன்று, இரண்டு, சைபர். அழகான கோடு. இந்த நேரத்தில் அந்தச் சொல் பொருந்தாது, தெரியும். அடித்துவிட்டு வேறு எழுத நினைத்தேன், வேறு சொல் அகப்படவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அட்டைகள் புதனோடு நிற்கின்றன. வியாழன், 13ஆம் தேதி, நீங்கள் வேலைக்கு வந்தீர்களா?

உங்கள்,
லீலண்ட் ஃப்ரோம்

*

அயோவா
21 நவம்பர் 1966

டாக்டர்,

வந்தேன். வியாழக்கிழமை அட்டை இல்லை.

நேற்று என் வீட்டுக்காரர் எமில் சமையலறைக்கு வந்து, முட்டி வலிக்குது, அந்தத் தைலம் எங்கே என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மூன்று முறை கேட்டாராம். “உனக்குக் காது போயிடுச்சா?” என்றார். காதில் விழுந்தது. உடம்புதான் தானாகத் திரும்பிக்கொண்டது.

இதை உங்கள் பேச்சில் சேர்க்கலாம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெர்னிஸ் ஹல்ட்கிரென்

*

டேட்டன்
5 டிசம்பர் 1966

அன்புள்ள மிசஸ் ஹல்ட்கிரென்,

நீங்கள் களைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சில நாள் விடுப்பு எடுங்கள்.

வார்டு மருத்துவர் பதில் எழுதியிருக்கிறார். குடலில் ஓட்டை விழுந்து, விஷம் வயிற்றுக்குள் பரவியிருக்கிறது. அறுவைக்குக் கொண்டுபோனபோது தாமதமாகிவிட்டது. இது முழுக்க உடல் சார்ந்த காரணம், நம் திட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்கிறார். நான் திட்டத்தில் மாதம் ஒருமுறை உடல் பரிசோதனை என்று எழுதியிருந்தேன். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஆள் பற்றாக்குறையால் அது நடக்கவில்லையாம். அதை நாம் பெரிதாக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. திட்டக் கோப்பில் என் பெயரைப் பார்த்து ஆர்லீன் எனக்கு எழுதியிருந்தார். இரண்டே கேள்விகள். அக்கா வலியில் துடித்தாளா? ஏதாவது சொன்னாளா? எல்லாம் திடீரென்று நடந்தது, ஓப்பலுக்கு வலி தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை என்று பதில் எழுதினேன். உங்களிடமும் அவர் கேட்கக்கூடும். இருவரும் ஒன்றையே சொல்வது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

நான் எழுதியது உண்மைதானே?

லீலண்ட் ஃப்ரோம்

*

அயோவா
12 டிசம்பர் 1966

டாக்டர்,

அந்தக் கடைசி வரியை எதற்கு எழுதினீர்கள்? தெரியாமல் இருக்க விரும்புகிறவர் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் ஓப்பல் கஞ்சியைத் தொடவில்லை. நான் தட்டை எடுக்கப் போனபோது, “பெர்னிஸ், உள்ள கடிக்குது” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தேன். ஏப்ரன் பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு கோடு போட்டேன். பத்து மணிக்குள் நான்கு கோடு. ஏழாவது கோட்டுக்கு அப்புறம் என்னோடு வேலை செய்யும் மிசஸ் ப்ரூயிட், “பெர்னிஸ், இவ மூஞ்சி சரியில்ல. டாக்டரைக் கூப்பிடலாமா?” என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கூப்பிட்டா ஒன்பது மாச வேலை பாழாப் போகும்” என்றேன். உங்கள் குரலிலேயே சொன்னேன். மிசஸ் ப்ரூயிட் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் பதினொன்று.

இரண்டு மணிக்கு ஓப்பல் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் துணி மடிக்கும் இடத்துக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டாள்.

“பெர்னிஸ், நான் அதைச் சொல்லல பாரு. சொல்லவே மாட்டேன். நீ உக்காரு. உன் மருமக சுட்ட ஆப்பிள் பை எப்படி வந்துச்சு?”

உட்கார்ந்தேன். வேறு பேச்சு பேசினால் உட்கார வேண்டும், அதுதான் திட்டம். காபியும் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை, கப்பைத் தொடையில் வைத்துக்கொண்டாள். ஆப்பிள் பையின் அடி கருகிவிட்டது என்றேன். “அடுப்பு பழசு, அதான்” என்றாள். எமிலைப் பற்றிக் கேட்டாள். காரின் பிரேக்கைப் பற்றிக் கேட்டாள். எங்கள் சர்ச்சில் புதிதாக வந்த பாதிரியார் நன்றாகப் பேசுகிறாரா என்று கேட்டாள். முகம் நனைந்த செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. மேலுதட்டில் வேர்வை. கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போனதும், ஆப்பிள் பை எப்படி வந்தது என்று மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

பேச்சு தீர்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும் டாக்டர். அதை நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

இருபது நிமிடம் அப்படிப் பேசினோம். மூன்றரைக்கு என் ஷிஃப்ட் முடிந்தது. கிளம்பும்போது அவள் தோளைத் தட்டி, “இன்னைக்கு மத்தியானம் ரொம்ப நல்லாப் பேசினே ஓப்பல்” என்றேன். அவள் சிரித்தாள். ஐந்து மணிக்குக் குளியலறையில் விழுந்து கிடந்தாளாம்.

அட்டை இல்லை என்று எழுதியிருந்தேன்; என்னிடம்தான் இருக்கிறது. காலையில் பதினொன்று. இரண்டு மணிக்கு மேல் சைபர். உங்கள் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அது நல்ல மத்தியானம்.

ஆர்லீனுக்கு நீங்கள் எழுதியதையே நானும் சொல்ல மாட்டேன். பனி கொஞ்சம் குறையட்டும், நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.

பெர்னிஸ்

*

டேட்டன்
3 ஜனவரி 1967

அன்புள்ள மிசஸ் ஹல்ட்கிரென்,

இது நான்காவது முயற்சி. முதல் மூன்றில் நான் சரியாக வாதாடியிருந்தேன், கிழித்துவிட்டேன்.

சென்ற ஜனவரியில், திட்டத்தை விளக்கிய அன்று, நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். “நிஜமாவே வலிச்சா என்ன பண்றது டாக்டர்?” மாதாந்தரப் பரிசோதனை இருக்கிறதே என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், வார்டில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர், முப்பத்தோரு வயது டாக்டரிடம் வேறு என்ன செய்ய முடியும் என்று தெரிகிறது.

ஒவ்வொரு வெள்ளியும் உங்கள் அட்டைகளைப் பார்த்து ‘பிரமாதம்’ என்பேன். எண்ணிக்கை குறைந்த வாரம் இரண்டு தடவை சொல்வேன். உங்களுக்கு நான் என்ன செய்தேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஆனாலும் ஒரு வேண்டுகோள். ஆர்லீனிடம் போகாதீர்கள். சொன்னால் உங்கள் நெஞ்சு லேசாகலாம். அந்த நாற்காலியையும் அந்தக் காபிக் கப்பையும் அவர் வாழ்நாள் முழுக்கச் சுமப்பார். என் பொய் கோழைத்தனம்தான். ஆனாலும் அதை நம்பி அவரால் தூங்க முடியும்.

அட்டையை எனக்கு அனுப்பவும் வேண்டாம். கைக்கு வந்தால் நான் அதைப் பேச்சில் சேர்க்க வேண்டியிருக்கும்.

லீலண்ட் ஃப்ரோம்

*

அயோவா
13 பிப்ரவரி 1967

டாக்டர்,

போய் வந்துவிட்டேன்.

நெஞ்சு லேசாகும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போகும்போது எப்படி இருந்ததோ அப்படித்தான் வரும்போதும் இருந்தது. வயல் முழுக்க வெள்ளை, பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆர்லீனுக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டுக்காரர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஹாம் இறைச்சி வைத்து ரொட்டி செய்து வைத்திருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதுவும் கேட்கவில்லை. அப்புறம் சொன்னேன், உங்களுக்கு எழுதியதை அப்படியே. ப்ரூயிட் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் விடவில்லை.

அவர் கத்தவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு சொன்னார்:

“பதினோரு வருஷம் அவ எனக்கு ஃபோன் பண்ணுவா. எடுத்ததும் கடிக்குதுன்னு ஆரம்பிப்பா. நான் ரிசீவரை இந்த மேசை மேல வெச்சிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவுவேன். முடிச்சிட்டு வந்து எடுத்தா அப்பவும் சொல்லிட்டிருப்பா. எனக்கு எந்த டாக்டரும் வந்து சொல்லிக்குடுக்கல.”

விரிப்பின் மடிப்பை மறுபடி பிரித்தார்.

“போன கோடையில திடீர்னு மாறிட்டா. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா மழை பெஞ்சுதும்பா, வார்டுல யாரு சீட்டாட்டத்துல ஏமாத்தினாங்கன்னு சொல்வா. ஒரு நாள் சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே புண்ணாயிடுச்சு. அப்படி ஒரு அக்கா எனக்கு இருந்தான்னே மறந்து போயிருந்தேன். அதுவும் நீங்க பண்ணினதுதானே?”

“ஆமா” என்றேன்.

“அப்போ உங்களுக்கு நன்றி சொல்றதா, வெளிய போங்கன்னு சொல்றதா? எனக்குத் தெரியல மிசஸ் ஹல்ட்கிரென்.”

எனக்கும் தெரியவில்லை என்றேன். மாடி அறையை நன்றி நாளுக்காகச் சுவர் பூசி வைத்திருந்தாராம். பார்க்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், போய்ப் பார்த்தேன். மஞ்சள் நிறம். கட்டிலில் புது விரிப்பு, கடையில் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல்.

கிளம்பும்போது அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கோடுகளை விரலால் தொட்டு எண்ணினார். திருப்பிக் கொடுத்து, “என்கிட்ட எதுக்கு? அந்த ஆளுக்கு அனுப்புங்க. அவர்தானே படம் வரையிறவர், வரையட்டும்” என்றார்.

அனுப்பியிருக்கிறேன்.

பெர்னிஸ்

*

டேட்டன்
24 ஏப்ரல் 1967

அன்புள்ள பெர்னிஸ்,

சிகாகோவில் பேசினேன்.

வியாழக்கிழமையை வரைந்தேன். கோடு இரண்டிலிருந்து பதினொன்றுக்கு ஏறி, அங்கிருந்து நேராகச் சைபருக்கு விழுகிறது. மதியம் இரண்டு மணி என்று குறித்து, ஓப்பல் என்ன பேசினார் என்று உங்கள் கடிதத்திலிருந்து படித்தேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. உங்கள் பெயரையும் அவர் பெயரையும் சொல்லவில்லை.

அறையில் எழுபது பேர் இருந்திருப்பார்கள். முதல் கேள்வி, திட்டத்துக்கு முன் எத்தனை வாரம் எண்ணினீர்கள் என்பது. பதில் சொன்னேன். இரண்டாவதாக ஒரு பெரியவர் எழுந்தார், மரியாதைக்குரிய மனிதர். ஒரு நடத்தை அடியோடு அணைவதற்கு முன் ஒருமுறை மூர்க்கமாக எழும்பும் அல்லவா, இந்தப் பதினொன்றையும் அப்படிப் பார்க்கலாமே என்றார். நல்ல கேள்வி. என் மாணவர்களுக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

“அவர் செத்துக்கொண்டிருந்தார்” என்றேன்.

தலைவர் நேரம் முடிந்தது என்றார். கை தட்டினார்கள். அடுத்தவர் புறாக்களை வைத்துச் செய்த சோதனையைப் பற்றிப் பேசினார்.

ஆர்லீனுக்கு எழுதி, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். பதில் இல்லை. இப்படிப்பட்ட திட்டங்களில் பரிசோதனை தவறினால் அன்றே திட்டம் நிற்க வேண்டும் என்று மாநில அலுவலகத்துக்கு எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று இரண்டு வரி வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை; கேட்டால் நீங்கள் மரியாதைக்காகக் கொடுத்துவிடுவீர்கள். ஆறு மாதமாக எழுதிக்கொள்கிறோம், ஒன்றை மட்டும் நான் கேட்டதேயில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

லீலண்ட்

*

அயோவா
8 மே 1967

டாக்டர்,

எப்படி இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வார்டில் ஹேஸல் என்று ஒருத்தி இருக்கிறாள், அறுபது வயது. கால் எரிகிறது என்று சொல்வாள். மார்ச் மாதத்திலிருந்து அவள் எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை தடவையும் நான் போகிறேன். காலைத் தூக்கிப் பார்ப்பேன், கை வைத்துச் சூடு பார்ப்பேன், வாரம் ஒருமுறை வார்டு டாக்டரைப் பிடித்து இழுத்து வருவேன். “மிசஸ் ஹல்ட்கிரென், இது வெறும் பழக்கம். வளர்த்து விடுறதே நீங்கதான்” என்கிறார். “இருக்கலாம், பாருங்க” என்பேன். பார்ப்பார். ஒன்றும் இருக்காது.

அவர் சொல்வது தப்பில்லை. முதலில் ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னாள், இப்போது அறுபதுக்கு மேல். அட்டையை விட்டுவிட்டேன், ஆனாலும் மனசு எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. உங்கள் பாடம் பொய் இல்லை டாக்டர். நீங்கள் சொன்னபடியேதான் எல்லாம் நடக்கிறது.

அவள் பக்கத்தில் போகும்போது எனக்கு இரக்கம் வருவதில்லை. பயமும் வருவதில்லை. முன்பு முகம் எப்படித் தானாகத் திரும்பியதோ, அப்படி இப்போது கால் தானாகப் போகிறது. ஓப்பலுக்காக நான் இன்னும் அழவில்லை. எமில் கூட ஒரு நாள், “அழுதுடேன் பெர்னிஸ்” என்றார். சரி என்று சொல்லிவிட்டு வாசலைப் பெருக்கப் போனேன்.

உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் ஹேஸலுக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறார். என்னால் முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். நல்ல மனிதர், முழுக்கக் கேட்டார். பரிசோதனை வாராவாரம் தவறாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாநில அலுவலகத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம் அவர் மேசையில் இருந்தது. ஆனாலும் வார்டில் ஒருத்தி மட்டும் அவளிடம் ஓடிக்கொண்டிருந்தால் திட்டம் நடக்காது. அதுவும் சரிதான். வரும் திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சலவைப் பிரிவு.

இன்று ஹேஸலிடம் சொன்னேன். “நான் கீழ துணி தொவைக்கிற இடத்துக்குப் போறேன், திங்கக்கிழமையிலேர்ந்து வர மாட்டேன்.”

அவள் தன் காலைப் பார்த்தாள்.

“அப்போ நான் யார்கிட்ட சொல்றது?” என்றாள்.

அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஷிஃப்ட் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். அவள் அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாததால், சொல்லு ஹேஸல், எரியுதா என்று நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெர்னிஸ்